மூடி

காலை ஐந்தே முக்கால்.
டாண்டினாங் தெருவில் புல்லெல்லாம் வெள்ளை.
ராத்திரி முழுக்க நான் ஏற்றிவிட்டு வந்தது
உருளைக்கிழங்குச் சிப்ஸ், லாரி லாரியாய்.
அதில் ஒரு பாக்கெட்கூட
எழினியின் கிண்டர் வாசலைத் தாண்டக்கூடாது.

ஃபிரிட்ஜ் கதவில் தாள்:
உறை போட்டது எதுவும் வேண்டாம்.
கச்சான் வேண்டாம், கச்சான் தொட்ட கத்தியும் வேண்டாம்.
திராட்சை என்றால் நீளவாக்கில் வெட்டி.
கரட் என்றால் அவித்து.
கடைசி வரியில் ஒரு சூரியன் சிரிக்கிறது,
எளிமையாக இருக்கட்டும் என்று.

எளிமைதான்.
நித்திரை கண்ணில் மணலாய் அறுக்க
ஒரு திராட்சையை நான்காக்குகிறேன்,
பன்னிரண்டை நாற்பத்தெட்டாக.
கதவருகே குனிந்து சுகிர்தா
சப்பாத்து நாடா கட்டுகிறாள்.
முதியோர் இல்லத்தில் அவளுக்கு ஏழு மணிக்கு வேலை.
"போன கிழமை வைத்ததெல்லாம் அப்படியே வந்தது.
இன்றைக்கு என்ன?"
"கொண்டைக்கடலை. கொஞ்சம் தேங்காய்ப்பூ."
"செத்தல் மிளகாய்?"
"போடவில்லை."
"பிறகு யார் தின்கிறது?"
பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸுக்கு ஓடுகிறாள்.

யார் தின்கிறது என்று அவளுக்குத் தெரியும்.
வெள்ளரிக்காய் நட்சத்திரங்களை நான்தான் தின்றேன்.
அவித்த முட்டையை, சீஸ் துண்டுகளை,
பழுத்த வாழைப்பழம் மசித்துச் சுட்ட
உள்ளங்கையளவு அப்பங்களை.
பின்னேரம் அவள் பையை வாங்கியதும்
முதலில் தூக்கிப் பார்ப்பேன்.
கை சொல்லிவிடும்.
பிறகு இரவு இரண்டு மணிக்கு,
ஃபோர்க்லிஃப்ட் இருக்கையில்,
நான்கு வயதுக்கு அளந்த சாப்பாடு
நாற்பது வயதுக்கு.

பிடிக்கவில்லையா?
பிடிக்கும்.
பசிக்கவில்லையா?
பசித்தது.
பிறகு ஏன்?
டைனோசரின் காதில் ஏதோ சொன்னாள்.
என்னிடம் இல்லை.

போனில் தேடிப் படித்தேன்:
இரும்புச்சத்து, நார்ச்சத்து,
ஐந்து நிறம் வைத்தால் ஆசை வருமாம்.
ஐந்து நிறம் வைத்தேன்.
ஐந்தும் திரும்பி வந்தன.

வியாழன் அவளை இறக்கிவிட்டு
காரிலேயே உறங்கிப்போனேன்.
கண் திறந்தால் பத்து மணி.
கம்பிவேலிக்கு அப்பால், யூக்கலிப்டஸ் நிழலில்,
பாய் விரித்து இருபத்திரண்டு பிள்ளைகள்.
ஃபர்சானா நாண் துண்டைக் கிழித்துக் கிழித்து வாயில் போடுகிறாள்.
ஒரு பையன் பேரிக்காய்ச் சாறு முழங்கை வழியே ஒழுக
ஆகாயம் பார்க்கிறான்.
மிஸ் ரோவீனாவின் ஒரு கையில் யாருடையவோ மூக்கு,
மறு கையில் யாருடையவோ சப்பாத்து.

என் பிள்ளை
மடியில் பெட்டியை வைத்து அமுக்குகிறாள்.
நான்கு பக்கமும் நான்கு கொளுவி.
பெருவிரலால். இரண்டு பெருவிரலாலும்.
உதடு கடித்து, முழங்காலுக்குள் இடுக்கி.
பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு
பெட்டியைப் பக்கத்தில் வைத்தாள், மெதுவாக,
சாப்பிட்டு முடித்தவள் மாதிரி.

முப்பத்தெட்டு டொலர் கொடுத்து வாங்கிய பெட்டி.
காற்றும் நுழையாது என்று அட்டையில் போட்டிருந்தது.
காற்று மட்டுமா.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று
கூப்பிடலாமா என்று வாய் திறந்தேன்.
மூடினேன்.

அன்று பின்னேரம் மாஜரின் டப்பா ஒன்றைக்
கழுவித் துடைத்துச்
சமையலறைத் தரையில் சப்பணமிட்டோம்.
திற. மூடு. திற.
ஒரு மூலையைத் தூக்கினால் போதும்,
'டப்' என்று எழும்பி வரும் மூடி.
டைனோசருக்கும் பழக்கினாள்.
அதற்குக் கை குட்டை என்பதால் கூடுதல் நேரம் கொடுத்தாள்.

வெள்ளி.
பையைத் தூக்கினேன்.
டப்பாவுக்குள் ஒட்டியிருந்தது
ஒரே ஒரு கடலைத் தோல்.
"மிளகாய் போடலாம் அப்பா," என்றாள்,
"கொஞ்சம்."

அன்றிரவு இரண்டு மணி.
எனக்குத் தின்ன ஒன்றுமில்லை.
கன்டீன் இயந்திரத்தில் காசு போட்டேன்.
விழுந்தது சிப்ஸ்.
கையுறை வழுக்கி வழுக்கி
கிழிக்க வரவில்லை உறை.
இடம், வலம் பார்த்துவிட்டுப்
பல்லால் கடித்துத் திறந்தேன்.